பிளாக் சபாத் முதல் ஆல்பம் (1970): அந்தக் கனம் எங்கிருந்து வருது?

ஆறாம்கம்பி:
பிளாக் சபாத்தோட முதல் ஆல்பத்துல முதல் பாட்டு பத்திதான் கேள்வி, அந்தப் பாட்டோட பேரும் 'பிளாக் சபாத்'தான். மழை, இடி, சர்ச் மணி, அப்புறம் அந்த மூணு சுரம். கிட்டாரை சி ஷார்ப்புக்கு இறக்கி, 10-52 தடிச்ச கம்பி (தடிமன், இன்ச்சோட ஆயிரத்துல ஒரு பங்குக் கணக்குல) போட்டு, ஆம்ப் சிமுலேட்டர்ல நவீன ஹை கெய்ன் (சத்தத்தை அதிகமா உடைக்கற) மாடல் வச்சு, கெய்ன் எட்டுல வாசிச்சா கனமாத்தான் இருக்கு. ஆனா ரெக்கார்டுல இருக்கற அந்த மிரட்டல் வரல. ரெக்கார்டோட சேர்த்து வாசிச்சா சுருதியும் ஒட்டல. எங்க இடிக்குது?

இன்னொண்ணு: இதைத்தான் முதல் ஹெவி மெட்டல் ஆல்பம்னு சொல்றாங்க. அது எவ்வளவு தூரம் சரி? கிட்டார் கேள்விக்குப் பதில் சொல்றவங்க இதையும் கொஞ்சம் தொட்டுட்டுப் போங்க.

பிரதிமத்யமம்:
சுருதி ஒட்டாததற்குக் காரணம் எளிது. அந்த ஆல்பம் முழுக்க சாதாரண ஈ டியூனிங். அடுத்து வந்த 'பாரனாய்ட்' ஆல்பமும் (1970 செப்டம்பர்) அப்படியே. குழுவின் கிட்டாரிஸ்ட் டோனி அயோமி ஸ்டூடியோவில் ஒன்றரைச் சுரம் இறக்கி சி ஷார்ப்புக்குப் போனது மூன்றாவது ஆல்பமான 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் (1971). 'சில்ட்ரன் ஆஃப் த கிரேவ்', 'லார்ட் ஆஃப் திஸ் வேர்ல்ட்', 'இன்டு த வாய்ட்' மூன்றையும் கேட்டால் அந்தத் தளர்ந்த கம்பிச் சத்தம் தெரியும். பிற்காலக் கச்சேரிகளில் பழைய பாடல்களையும் இறக்கித்தான் வாசித்தார்கள். அதனால் கச்சேரிப் பதிவை வைத்து டியூனிங் கண்டுபிடித்தால் தவறாகத்தான் வரும்.

ஆக, உங்கள் முதல் வேலை கிட்டாரை மறுபடி ஈ-க்கு ஏற்றுவது. இரண்டாவது வேலை 10-52 கம்பியைக் கழற்றுவது. அதற்குக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

முதலில் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி. ஆறாம் கம்பி மூன்றாம் ஃப்ரெட்டில் ஜி. அதோடு ஐந்தாம் கம்பி, நான்காம் கம்பி இரண்டிலும் ஐந்தாம் ஃப்ரெட் (டி, மேல் ஜி) சேர்த்து ஒரு பவர் கார்ட். அது நன்றாக ஒலித்து அடங்கும்வரை விடுங்கள். அடுத்து நான்காம் கம்பி ஐந்தாம் ஃப்ரெட்டில் மேல் ஜி தனியாக. அதன்பின் ஐந்தாம் கம்பி நான்காம் ஃப்ரெட்டில் சி ஷார்ப், அதிலிருந்து ஐந்தாம் ஃப்ரெட் டி-க்கு டிரில் (இரண்டு சுரங்களையும் மாறி மாறி வாசிப்பது). அவ்வளவுதான் ரிஃப்.

ஜி-யை ஸட்ஜமாக வைத்துப் பாருங்கள். சி ஷார்ப் என்பது பிரதி மத்யமம், டி என்பது பஞ்சமம். கல்யாணியில் இதே மத்யமம் எத்தனை மங்களமாக இருக்கிறது! அங்கே சதுஸ்ருதி ரிஷபமும் அந்தர காந்தாரமும் ஏறி வந்து அதைத் தாங்குகின்றன. மத்யமம் பஞ்சமத்துக்குப் போய் இளைப்பாறுகிறது. இங்கே ரிஷபமும் இல்லை, காந்தாரமும் இல்லை. மேல் ஸட்ஜத்திலிருந்து ஒரே குதியாக மத்யமத்தில் விழுகிறோம். டிரில் பஞ்சமத்தைத் தொட்டுத் தொட்டுத் திரும்புகிறது, ஆனால் அங்கே உட்காருவதில்லை. பயத்தை உண்டாக்குவது அந்தச் சுரத்தைவிட, அதைச் சுற்றி விடப்பட்ட வெற்றிடம்.

எனவே நடைமுறையில் செய்ய வேண்டியது: டிரில்லை அவசரப்படுத்தாதீர்கள். இயந்திர வேகத்தில் அடித்தால் அது அலங்காரமாகிவிடும். சி ஷார்ப்பில் ஒரு கணம் நின்று, பிறகு தொடங்குங்கள். டி-யில் முடிக்கவே முடிக்காதீர்கள்.

சும்மாபாக்கவந்தேன்:
இந்த ஜி - சி ஷார்ப் இடைவெளியை மத்தியகால சர்ச் தடை பண்ணிச்சு, வாசிச்சவனைத் தண்டிச்சாங்கன்னு ஒரு கதை சுத்துதே, அது?

பிரதிமத்யமம்:
கதைதான். பாட்டு எழுதும் இலக்கணத்தில் தவிர்க்க வேண்டிய இடைவெளி என்று ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். 'இசையில் சாத்தான்' என்ற லத்தீன் பெயர் 18-ஆம் நூற்றாண்டு இசை இலக்கண நூல்களில் காணப்படுகிறது. வாசித்தவரைத் தண்டித்ததற்கு ஆதாரம் கிடையாது. அயோமி அந்த இலக்கணத்தை மீறப் போய் இதைக் கண்டுபிடித்தார் என்பதும் இல்லை. பேஸ் வாசித்த கீசர் பட்லருக்கு குஸ்தாவ் ஹோல்ஸ்டின் 'த பிளானட்ஸ்' தொகுப்பில் வரும் 'மார்ஸ்' பிடிக்கும். அவர் அதை வாசித்துக்கொண்டிருந்ததிலிருந்து கிளைத்ததுதான் இந்த ரிஃப். ராக்கிலும் இது முதல்முறை இல்லை. 1967-இல் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் 'பர்ப்பிள் ஹேஸ்' தொடக்கமே இந்த இடைவெளிதான். அது துள்ளுகிறது, இது ஊர்கிறது.

ஆறாம்கம்பி:
சரி, ஈ-க்கு ஏத்திட்டேன். சுருதி ஒட்டுது. ஆனா கம்பி? மெட்டலுக்குத் தடிச்ச கம்பின்னுதானே எல்லாரும் சொல்றாங்க. மெல்லிசு போட்டா சத்தம் சன்னமாயிடாதா?

பிரதிமத்யமம்:
அயோமி இடதுகைக்காரர். அதாவது ஃப்ரெட் பிடிப்பது வலது கை. பர்மிங்காமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில், 17 வயதில், வேலையை விட்டு நிற்கவிருந்த கடைசி நாளில், அந்தக் கையின் நடுவிரல் நுனியும் மோதிரவிரல் நுனியும் வெட்டுப்பட்டுப் போயின. வாசிப்பை விட்டுவிட நினைத்தவருக்கு, தொழிற்சாலை மேலாளர் ஜாங்கோ ரைன்ஹார்ட் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தீக்காயத்தால் முடங்கிய கையோடு இரண்டே விரலில் சோலோ வாசித்தவர் ஜாங்கோ. அயோமி பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் குப்பியை உருக்கி விரல்கவசம் செய்து, மேலே தோல் ஒட்டி வாசிக்க ஆரம்பித்தார்.

கவசத்தின் வழியே கம்பியின் அழுத்தம் விரலுக்குத் தெரியாது. தடித்த கம்பியை வளைக்கவும் முடியாது. அக்காலத்தில் மெல்லிய கம்பி செட் கடையில் கிடைக்காததால் பாஞ்சோ கம்பிகளைக் கலந்து தானே செட் தயாரித்தார். பிற்காலத்தில் அவர் பயன்படுத்திய அளவுகள் பல பேட்டிகளில் வந்தவை: ஈ டியூனிங்குக்கு 9, 10, 12, 20, 32, 42. சி ஷார்ப்புக்கு 8, 8, 11, 18, 24, 32. சுருதியை இறக்கும்போது எல்லோரும் கம்பியைத் தடிப்பாக்குவார்கள், இவர் மெலிதாக்கினார்.

சன்னமாகாதா என்று கேட்டீர்கள். ஆகாது. மெல்லிய கம்பியில் வைப்ரேட்டோ அகலமாக வரும், பவர் கார்ட் லேசாக அலையும். அந்த அலைவு ஈரமான இரைச்சலாகக் காதில் விழும். 9-42 போட்டுப் பாருங்கள். ஒரே எச்சரிக்கை: கனமான கம்பிக்குப் பழகிய கை, மெல்லிய கம்பியை அமுக்கிப் பிடித்தால் சுரம் ஏறிவிடும். குறிப்பாக மூன்றாம் ஃப்ரெட் ஜி. டியூனரை இணைத்து வைத்துக்கொண்டு, ஃப்ரெட் அழுத்தும்போது முள் எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். நகர்ந்தால் பிடியைத் தளர்த்துங்கள். கம்பி அளவு மாறியதால் பிரிட்ஜில் இன்டொனேஷனையும் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்பது), கழுத்து வளைவையும் சரிபார்க்க வேண்டும். இழுவை குறைந்ததும் கழுத்து பின்பக்கம் நிமிர்ந்து, முதல் சில ஃப்ரெட்டுகளில் கம்பி உராயும்.

சால்டரிங்சாமி:
கம்பி பஞ்சாயத்து முடிஞ்சுதா? இப்ப மின்சாரத்துக்கு வருவோம்.

ஹை கெய்ன் மாடலை அணைங்க ப்ரோ. இந்தப் பாட்டுல அவ்வளவு கெய்ன் கிடையாது. காது கொடுத்துக் கேளுங்க, பவர் கார்ட் அடங்கும்போது கிட்டத்தட்ட சுத்தமான சத்தமா மாறுது. கெய்ன் எட்டுல வச்சா கம்ப்ரெஷன் ஏறி, சத்தம் ஒரே மட்டத்துல நின்னு, அடங்கறதே தெரியாது. அடங்கறது தெரியலைன்னா மேல பிரதிமத்யமம் சொன்ன வெற்றிடமும் கிடையாது.

செட்டப் இதுதான்: கிப்சன் எஸ்ஜி, பி90 வகை சிங்கிள் காயில் பிக்கப் (கம்பி அதிர்வை மின்சாரமாக்கற காந்தச் சுருள்), டாலஸ் ரேஞ்ச்மாஸ்டர் ட்ரெபிள் பூஸ்டர் (மேல்சுரத்தை உந்தற கருவி), லேனி 100 வாட் ஆம்ப். லேனி பர்மிங்காம் கம்பெனி, 1967ல ஆரம்பிச்சது, உள்ளூர்ப் பையன்களுக்கு ஆம்ப் கொடுத்தாங்க. எஸ்ஜி வந்ததே தற்செயல். ரெக்கார்டிங்குக்கு அயோமி ஸ்ட்ராடோகாஸ்டரோடதான் போனார். 'விக்கட் வேர்ல்ட்' பாட்டு முடிஞ்சதும் அதுல பிக்கப் போயிடுச்சு, கைவசம் இருந்த எஸ்ஜியை எடுத்தார். அதுக்கப்புறம் திரும்பவே இல்ல. 'விக்கட் வேர்ல்ட்'ல கிட்டார் கொஞ்சம் வெடுக்குனு இருக்கறதுக்கு இதான் காரணம்.

கனமான சத்தத்துக்கு ட்ரெபிள் பூஸ்டர் எதுக்குன்னு கேப்பீங்க. கீழ்சுரத்தை அப்படியே ஆம்ப்புக்குள்ள தள்ளினா வால்வு முதல்ல அதுலயே திணறும், சத்தம் புழுத்துப்போய் கொழகொழன்னு வரும். ரேஞ்ச்மாஸ்டர் உள்ளே போற வழியிலேயே கீழ்ப்பகுதியைக் குறைச்சிட்டு, ஏறக்குறைய 2.5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல உள்ளதை உந்தி விடுது. வால்வு கிழியறது நடுவிலும் மேலயும். கீழ்சுரம் திணறாம நிக்குது. ஸ்பீக்கர்ல வரும்போது கேபினட் தன் பங்குக்குக் கீழ்ப்பகுதியைச் சேர்த்துக்கும்.

கட்டறது சுலபம், பார்ட்ஸ் மொத்தமே பத்துக்குள்ள:

உள்ளீட்டுக் கெப்பாசிட்டர் 4.7 நானோஃபாரட். அது டிரான்சிஸ்டரோட பேஸுக்கு. பேஸ்லேர்ந்து மைனஸ் சப்ளைக்கு 470 கிலோ ஓம், பேஸ்லேர்ந்து கிரவுண்டுக்கு 68 கிலோ ஓம். எமிட்டர்லேர்ந்து கிரவுண்டுக்கு 3.9 கிலோ ஓம், அதுக்குக் குறுக்கே 47 மைக்ரோஃபாரட். கலெக்டர்லேர்ந்து மைனஸுக்கு 10 கிலோ ஓம் பாட். பாட்டோட நடுக்காலிலிருந்து 10 நானோஃபாரட் வழியா வெளியே. டிரான்சிஸ்டர் ஓசி44, ஜெர்மேனியம், பிஎன்பி.

ரெண்டு இடத்துல எல்லாரும் மாட்டுவாங்க. ஒண்ணு, இது பாசிட்டிவ் கிரவுண்ட் சர்க்யூட். பேட்டரியோட பிளஸ்தான் கிரவுண்ட். ரெண்டு, அதனால 47 மைக்ரோஃபாரடோட பிளஸ் கால் கிரவுண்ட் பக்கம் வரணும். பழக்கதோஷத்துல திருப்பி வச்சா கொஞ்ச நாள் வேலை செய்யும், அப்புறம் கசிஞ்சு கெட்டுப்போய் சத்தம் குறையும். டிரான்சிஸ்டர்தான் போச்சுன்னு நினைச்சு அதை மாத்திக்கிட்டு இருப்பாங்க.

கட்டி முடிச்சதும் மல்டிமீட்டர்ல கலெக்டர் வோல்ட் பாருங்க. கிரவுண்டை ஒப்பிட்டு மைனஸ் 6.5 முதல் மைனஸ் 7 வரை இருக்கணும். மைனஸ் 8.5க்கு மேல போனா டிரான்சிஸ்டர் சரியா திறக்கல. மைனஸ் 5க்குக் கீழ வந்தா கசிவு அதிகம். 68 கிலோ ஓமுக்குப் பதிலா 100 கிலோ ஓம் ட்ரிம்பாட் போட்டா சரிபண்ணிக்கலாம்: மதிப்பைக் குறைச்சா வோல்ட் 9 பக்கம் நகரும், கூட்டினா 5 பக்கம் இறங்கும்.

கொட்டடி:
சாமி அண்ணை, எங்கட பக்கத்து வெக்கைக்கு ஜெர்மேனியம் தாங்குமோ? வெயிலுக்கை வைச்சா ஃபஸ் பெடல் சத்தமே மாறிப்போகுது.

சால்டரிங்சாமி:
நல்ல கேள்வி. ஜெர்மேனியத்துல கசிவு மின்னோட்டம் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் ஏறக்குறைய ரெண்டு மடங்காகும். ஜெர்மேனிய ஃபஸ் பெடல்கள் சில இதுல படுத்துடும். ரேஞ்ச்மாஸ்டர்ல எமிட்டர் ரெசிஸ்டரும் பேஸ் டிவைடரும் பிடிச்சு நிறுத்தறதால அவ்வளவு ஆடாது. கசிவு கம்மியான டிரான்சிஸ்டரா இருந்தா கலெக்டர்ல ஒரு வோல்டுக்குள்ளதான் நகரும். ஆனா ஏசி அறையில பயஸ் (மேல சொன்ன கலெக்டர் வோல்ட்) வச்சுட்டு, மே மாசம் மொட்டைமாடியில வாசிச்சா வித்தியாசம் தெரியத்தான் செய்யும். எங்க வாசிப்பீங்களோ அந்தச் சூட்டுல பயஸ் வையுங்க. சால்டர் வச்ச கையோட அளக்காதீங்க, டிரான்சிஸ்டர் ஆறணும்.

ஓசி44 இப்ப விலை ஜாஸ்தி, போலியும் ஜாஸ்தி. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவுல பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரிச்ச ஏசி128 இருக்கும், அது போதும். ரிச்சி தெருவுல வாங்கினா டயோடு டெஸ்ட் பண்ணாம காசு கொடுக்காதீங்க. பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவுல 0.15 முதல் 0.3 வோல்ட் காட்டினா ஜெர்மேனியம். 0.6 காட்டினா மேல என்ன எழுதியிருந்தாலும் சிலிக்கான்.

ஆறாம்கம்பி:
சர்க்யூட் எல்லாம் அப்புறம். இப்போதைக்கு சிமுலேட்டர்ல எப்படி வைக்கறது?

சால்டரிங்சாமி:
மாஸ்டர் வால்யூம் இல்லாத பழைய பிரிட்டிஷ் 100 வாட் மாடல் எடுங்க. வால்யூம் ஏழு, எட்டு. பேஸ் மூணு, நடு ஏழு, ட்ரெபிள் அஞ்சு. அதுக்கு முன்னாடி ட்ரெபிள் பூஸ்டர் மாடல். 4x12 கேபினட், மைக் ஒண்ணே ஒண்ணு. நடுப்பகுதியை எடுத்துட்டா இந்தச் சத்தம் செத்துடும். எண்பதுகள்ல வந்த மெட்டல் பழக்கம் அது, இங்க ஒத்துவராது.

பூஸ்டர் நிஜப் பெடலா இருந்தா கிட்டாருக்கும் அதுக்கும் நடுவுல டியூனரோ வேற பஃபர் (சிக்னலை நடுவுல வாங்கி வலுவாக்கி அனுப்பற) பெடலோ வைக்காதீங்க. ரேஞ்ச்மாஸ்டரோட உள்ளீட்டு எதிர்ப்பு ரொம்பக் கம்மி. பிக்கப்போட நேரடியா மோதினாதான் அதோட மேல்சுரம் சாந்தமாகும். நடுவுல பஃபர் வந்தா காதைக் கிழிக்கும்.

கொட்டடி:
எல்லாரும் கிட்டாரையே பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள். கிட்டார் மட்டும் அச்சொட்டாய் வந்தாலும் பாட்டு வராது. அந்தப் பாட்டிலை கனத்தைத் தூக்குறது ட்ரம்ஸ் வாசிச்ச பில் வார்டும் பேஸ் வாசிச்ச கீசரும்.

வார்ட் ஜாஸ் கேட்டு வளந்த ஆள், ஜீன் க்ரூபா, படி ரிச் எண்டு. முதல் பாட்டின்ரை மெதுவான பகுதியிலை அவர் நேரான தாளம் பிடிக்கிறதே இல்லை. கார்ட் விழேக்கை கூட விழுகிறார், பிறகு இடைவெளியை டொம்மாலை நிரப்புறார். அதுவும் ஒருக்கா மாதிரி ஒருக்கா இல்லை. ட்ரம் மெஷினிலை நேராப் போட்டா நாலு மாத்திரை தெளிவாக் கேக்கும், கேக்கிறவர் எண்ணத் தொடங்கிடுவார். எண்ணத் தொடங்கினா பயம் போச்சு. மெட்ரோனோமோடை பழகலாம், பதிவு செய்யேக்கை நிப்பாட்டிப்போடுங்கோ. கடைசிப் பகுதியிலை வேகம் பிடிச்சு ஓடுற இடமும் க்ளிக் இல்லாமல்தான் ஓடுது.

'விக்கட் வேர்ல்ட்' தொடக்கத்திலை ஹைஹாட்டைக் கேளுங்கோ. அது முழுக்க ஸ்விங். இண்டைக்கு மெட்டல் ட்ரம்மர்மார் இந்தப் பாட்டை வாசிக்கேக்கை முதலிலை துலைக்கிறது அதைத்தான்.

கீசர் முந்தி ரிதம் கிட்டார் வாசிச்சவர். பேஸ் எண்டால் மூலச்சுரத்தை மட்டும் பிடிச்சுக்கொண்டு நிக்கவேணும் எண்ட பழக்கம் அவருக்கு இல்லை. அயோமி என்ன ரிஃப் வாசிக்கிறாரோ அதையே ஒரு ஸ்தாயி கீழை வாசிக்கிறார். அயோமி கம்பியை வளைச்சா அவரும் வளைக்கிறார். 'என்.ஐ.பி.'க்கு முன்னாலை தனி பேஸ் துண்டு வருது, அதிலை வா-வா பெடல் (காலாலை ஆட்ட ஆட்டச் சத்தத்தின்ரை நிறம் மாறும்) போட்டிருக்கிறார். அந்தக் காலத்திலை பேஸுக்கு வா-வா எண்டால் புதினம். சாதாரண கிட்டார் வா-வா போட்டா பெடல் மேலே போகேக்கை கீழ்சுரம் காணாமப் போயிடும், அதாலை பெடலை முழுக்க மிதியாமல் அரைவாசிக்குள்ளை ஆட்டுங்கோ.

ஒரு கிட்டார், ஒரு பேஸ், ரெண்டும் ஒரே ரிஃப். இப்ப வாற பதிவுகளிலை நாலு கிட்டார் ட்ராக் அடுக்குறாங்கள், ஆனாலும் இந்த அளவு பெரிசாய் வாறதில்லை. அடுக்க அடுக்க ஒவ்வொரு அடியின்ரை முனையும் மழுங்கிப்போகும், அதுதான்.

பழையதகடு:
கொட்டடி சொன்னதற்குப் பதிவு நடந்த விதமும் காரணம். 1969 அக்டோபர் 16. லண்டன் ரீஜென்ட் சவுண்ட் ஸ்டூடியோ. நான்கு ட்ராக் டேப். ஒரே நாளில், ஏறத்தாழ 12 மணி நேரத்தில் முடித்தார்கள். தயாரிப்பாளர் ரோட்ஜர் பெய்ன், பொறியாளர்களில் ஒருவர் டாம் அலம். மற்ற மூவரும் ஒன்றாக வாசிக்க, பாடகர் ஆஸி ஆஸ்பார்ன் மட்டும் தனி அறைக்குள் நின்று அதே நேரத்தில் பாடினார். பின்னால் சேர்த்தவை மிகக் குறைவு: மழை, இடி, மணி, 'என்.ஐ.பி.'யிலும் 'ஸ்லீப்பிங் வில்லேஜ்'ஜிலும் இரட்டை கிட்டார் சோலோ. 'ஸ்லீப்பிங் வில்லேஜ்' தொடக்கத்தில் டொய்ங் டொய்ங் என்று வரும் மோர்சிங் போன்ற கருவியை வாசித்தவர் தயாரிப்பாளர் பெய்னேதான்.

நான்கு ட்ராக்கில் எதையும் பிறகு பிரித்துத் திருத்த முடியாது. ட்ரம்ஸ் மைக்கில் கிட்டார் கசியும், கிட்டார் மைக்கில் அறை கேட்கும். அந்தக் கசிவை ஆம்ப் சிமுலேட்டரில் தேடினால் கிடைக்காது. வீட்டில் பதிவு செய்பவர்கள் கிட்டார், பேஸ், ட்ரம்ஸ் மூன்றையும் ஒரே சிறிய அறை ரிவர்புக்கு அனுப்பிப் பார்க்கலாம், ஓரளவு நெருங்கும். தனித்தனி ரிவர்ப் வைத்தால் மூன்று பேரும் மூன்று ஊரில் நிற்பதுபோல் இருக்கும்.

எந்தப் பதிப்பைக் கேட்பது என்பதும் முக்கியம், இந்த இழையில் யாரும் அதைத் தொடவில்லை. இங்கிலாந்தில் 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, வெர்டிகோ லேபிளில் வந்தது. அதில் இரண்டாம் பக்கம் 'ஈவில் உமன்' என்ற பாடலோடு தொடங்கும். அது க்ரோ என்ற அமெரிக்கக் குழுவின் பாடல். ஆல்பத்துக்கு முன்பே, ஜனவரியில், ஃபான்டானா லேபிளில் சிங்கிளாக வந்து எடுபடவில்லை. அமெரிக்காவில் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்டபோது அதை எடுத்துவிட்டு, சிங்கிளின் மறுபக்கமான 'விக்கட் வேர்ல்ட்'டைச் சேர்த்தார்கள். கூடவே சில முன்னிசைத் துண்டுகளுக்கு 'வாஸ்ப்', 'பேசிக்கலி' என்று தனிப் பெயர்கள் கொடுத்து அட்டையில் போட்டார்கள். அதனால்தான் பாடல் பட்டியல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. பாடல் ஒன்றுதான், பெயர்தான் கூடுதல். இரண்டு பாடல்களும் வேண்டுமென்றால் பிற்கால சிடி பதிப்புகளை எடுங்கள். 2009 டீலக்ஸ் பதிப்பில் வேறு டேக்குகளும் குரலில்லா டேக்குகளும் உள்ளன. ஆறாம்கம்பிக்கு அந்தக் குரலில்லா டேக்குகள் பாடப்புத்தகம் மாதிரி உதவும், கிட்டார் எங்கே நிற்கிறது, எங்கே விலகுகிறது என்பது துல்லியமாகக் கேட்கும்.

அசல் இங்கிலாந்துத் தட்டு வாங்குகிறவர்களுக்கு: எண் விஓ 6. முதல் பக்க லேபிள் முழுக்கச் சுழல் சித்திரம், பாடல் பட்டியல் இருக்காது. இரண்டு பக்கத்துப் பாடல்களும் இரண்டாம் பக்க லேபிளில்தான். டபிள்யூடபிள்யூஏ, நெம்ஸ் லேபிள்கள் எழுபதுகளில் வந்த மறுபதிப்புகள். அவற்றை அசல் விலைக்கு விற்கப் பார்ப்பார்கள். அட்டை விரிகிறதா என்று பாருங்கள், உள்ளே தலைகீழ் சிலுவை இருக்க வேண்டும். அந்தச் சிலுவையைப் போட்டது லேபிள்காரர்கள், குழுவுக்கே முன்கூட்டித் தெரியாது. சாத்தான் வழிபாட்டுக்காரர்கள் என்ற பெயர் ஒட்டிக்கொண்டதில் அந்த அட்டைக்கு நல்ல பங்குண்டு. முதல் பாட்டில் இருப்பதோ கறுப்பு உருவத்தைக் கண்டு அலறும் ஒருவன், வழிபடுகிறவன் இல்லை.

முன்னட்டை ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் தேம்ஸ் ஓரம் உள்ள மேப்பிள்டர்ஹாம் நீராலை. எடுத்தவர் கீத் மெக்மில்லன். அகச்சிவப்பு ஃபிலிம் என்பதால்தான் இலைகளுக்கு அந்த இளஞ்சிவப்புச் சாயல். மறுபதிப்புகளில் பல அந்தச் சாயலைத் தொலைத்திருக்கின்றன.

சும்மாபாக்கவந்தேன்:
இப்ப ரெண்டாவது கேள்வி. ப்ளூ சியர் 1968லயே இதைவிடச் சத்தமா வாசிச்சாங்க. லெட் செப்பலின் முதல் ஆல்பம் 1969 ஜனவரி. கிங் க்ரிம்சன் 'ட்வென்டி ஃபர்ஸ்ட் சென்சுரி ஸ்கிட்சாய்ட் மேன்' 1969 அக்டோபர். சபாத்தை மட்டும் ஏன் முதல்னு சொல்லணும்? ஆல்பத்துல பாதி ப்ளூஸ்தானே. 'வார்னிங்' பத்து நிமிஷம் ப்ளூஸ் ஜாம், அதுவும் அய்ன்ஸ்லி டன்பார் குழுவோட பாட்டு.

பழையதகடு:
பாதி ப்ளூஸ் என்பது உண்மை. 'ரோலிங் ஸ்டோன்' இதழில் லெஸ்டர் பேங்ஸ் அப்போதே, க்ரீம் மாதிரிதான், ஆனால் அதைவிட மோசம் என்று எழுதினார். 'வார்னிங்'கை மட்டும் கேட்டால் அவர் சொன்னதில் தப்பில்லை என்றே தோன்றும். விமர்சகர்கள் கழுவி ஊற்றியும் ஆல்பம் இங்கிலாந்தில் 8-ஆம் இடம், அமெரிக்காவில் 23-ஆம் இடம் வந்தது.

பிரதிமத்யமம்:
சத்தத்தை அளவுகோலாக வைத்தால் சபாத் முதல் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ப்ளூ சியரும் செப்பலினும் ப்ளூஸை உரக்க வாசித்தார்கள். பாட்டின் எலும்பு ப்ளூஸ்: 12 பார் (தாளக் கட்டம்) கொண்ட வட்டமோ, அழைப்பு-பதில் அமைப்போ, பென்டடானிக் சோலோவோ. பெரும்பாலும் கிட்டார் குரலுக்குப் பதில் சொல்லும்.

'பிளாக் சபாத்' பாட்டில் அந்த எலும்பு இல்லை. ரிஃப்தான் பாட்டு. குரல் அதன் இடைவெளிகளில் வருகிறது. கார்ட் மாற்றத்தால் பாட்டு நகர்வதில்லை, ரிஃப் மாறுவதால் நகர்கிறது. ஆறே கால் நிமிடத்தில் பெரும்பகுதி ஒரே மூன்று சுரம். கடைசியில் வேறொரு ரிஃப், வேறொரு வேகம். இன்றைய டூம், ஸ்டோனர், ஏன் பெரும்பாலான மெட்டல் பாடல்களும் இந்த வடிவத்தில்தான் எழுதப்படுகின்றன. ஆகவே முதல் மெட்டல் ஆல்பம் என்பதைவிட, முதல் மெட்டல் பாட்டு இருக்கும் ஆல்பம் என்றால் எனக்குச் சம்மதம். 'என்.ஐ.பி.'யை வேண்டுமானால் இரண்டாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம். 'ஈவில் உமன்', 'வார்னிங்' இரண்டும் அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று காட்டுகின்றன, அவ்வளவே.

கொட்டடி:
வாரிசுகளைப் பாத்தாலே தெரியும். கேண்டில்மாஸ் 1986இலை செய்தது, செயின்ட் விட்டஸ், ஸ்லீப், எல்லாம் இந்த ஒரு பாட்டின்ரை பிள்ளையள். எலெக்ட்ரிக் விசார்ட் தங்கடை பேரையே ரெண்டு சபாத் பாட்டிலையிருந்து எடுத்தவை. அதிலை ஒண்டு இந்த ஆல்பத்து 'த விசார்ட்'. பொறியாளர் அலம் பிறகு ஜூடாஸ் ப்ரீஸ்டின்ரை 'பிரிட்டிஷ் ஸ்டீல்' (1980) தயாரிச்சார், அதுவும் ஒரு வாரிசுக் கணக்குத்தான்.

சும்மாபாக்கவந்தேன்:
'முதல் மெட்டல் பாட்டு இருக்கும் ஆல்பம்'. ம்ம். இதுக்கு நான் சண்டை போட மாட்டேன். க்ரிம்சன் பாட்டைப் பத்தி மட்டும் தனி இழை போடறேன், அங்க வாங்க.

ஆறாம்கம்பி:
ஈ டியூனிங், 9-42, நடு ஏழு, பஃபர் இல்ல. இப்ப கார்ட் அடங்கறது கேக்குது. கடையில வாங்கின ரேஞ்ச்மாஸ்டர் வகைப் பெடல் ஒண்ணு ஃப்ரெண்ட்கிட்ட இருந்து வந்திருக்கு, உள்ளே ஜெர்மேனியம். அதை மத்த பெடல்களோட ஒரே அடாப்டர்ல கோத்தா எல்லாப் பெடலும் அணைஞ்சு போகுது. பெடல் கெட்டுப்போச்சா?

சால்டரிங்சாமி:
கெடல. மத்த பெடல்களுக்கு மைனஸ் கிரவுண்ட், இதுக்கு பிளஸ் கிரவுண்ட். ஒரே அடாப்டர்ல கோத்ததும், கிட்டார் கேபிளோட உறை வழியா பிளஸ்ஸும் மைனஸும் ஒட்டிக்கிச்சு. அடாப்டர் ஷார்ட் ஆகி தன்னைக் காப்பாத்திக்க அணைஞ்சிருக்கு. திரும்பத் திரும்ப முயற்சி பண்ணாதீங்க, பாதுகாப்பு இல்லாத மலிவு அடாப்டரா இருந்தா அது எரிஞ்சிடும்.

அடாப்டரைக் கழட்டிட்டு இதுக்கு மட்டும் தனி 9 வோல்ட் பேட்டரி. அரை மில்லியாம்பியர்கூட இழுக்காது, சாதாரண கார்பன் பேட்டரியே மாசக்கணக்கா வரும். வாசிச்சு முடிச்சதும் உள்ளீட்டு ஜாக்கைப் பிடுங்கிடுங்க, பெரும்பாலான பெடல்ல அதுதான் ஸ்விட்ச். அடாப்டர்தான் வேணும்னா ஒவ்வொரு வெளியீடும் தனித்தனியா பிரிச்ச வகை பவர் சப்ளை வாங்குங்க, அதுல ஒரு வெளியீட்டை இதுக்குன்னு ஒதுக்கி, துருவம் மாத்தின கேபிள் போடுங்க. வாங்கறப்ப பெட்டிமேல 'தனித்தனி'ன்னு போட்டிருந்தாலும் நம்பாதீங்க. எதுவும் மாட்டாம, ரெண்டு வெளியீட்டோட மைனஸ் முனைகளுக்கு நடுவுல மல்டிமீட்டர்ல தொடர்ச்சி பாருங்க. பீப் அடிச்சா அது பிரிச்ச வகை இல்ல.